உன் அத்தைக்கு ஒரு பெயர் உண்டு

சிரஞ்சீவி என்று ஆரம்பித்து, இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரி போட்டு, அப்புறம் மழை பெய்ததா, ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று பக்கத்தை நிரப்பித்தான் இத்தனை நாளும் உனக்குப் பம்பாய்க்கு எழுதிக்கொண்டிருந்தேன். இது அந்த மாதிரிக் கடிதம் இல்லை. இவ்விடம் எல்லோரும் சௌக்கியமும் இல்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணப் பிள்ளைக்கு அம்மா எழுதினால் அதில் புத்திமதி இருக்கும், கொஞ்சம் கண்ணீரும் இருக்கும். என்னிடம் இப்போது இரண்டும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்புவதாகவும் இல்லை. நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. உன் அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. "ஆத்து விஷயத்தை ஏன் வீதிக்குக் கொண்டு போறே?" என்றார். "வீதிக்குக் கொண்டு போனது உங்க பிள்ளை. நான் வீதியிலேர்ந்து பொறுக்கிண்டு வரேன்" என்றேன். அவர் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

தீபாவளி லீவுக்கு நீ வந்தபோது உன் பழைய காலேஜ் சிநேகிதர்கள் மயிலாப்பூர் சபா மண்டபத்தில் உன் ஹாஸ்ய நாடகத்தைப் போட்டார்கள். "அத்தையின் ஓட்டு" என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தது. அன்று நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு நானும் உன் அத்தையும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின் வரிசையில், தியாகராய நகரிலிருந்து உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் பத்மாவும் அவள் அம்மாவும். நான் பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை எழுதிய நாடகம்! திரை விலகியது. வெள்ளைப் புடவை முக்காடு போட்டுக்கொண்டு உன் சிநேகிதன் ஒருவன் வந்தான். அவன் வாயைத் திறக்கவே இல்லை. வலது காலை இழுத்து இழுத்து இரண்டடி நடந்தான். அவ்வளவுதான், மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு. மாடவீதி ஜனங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அந்த நடை யாருடையது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததை நீயே எழுதியிருக்கிறாய், உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஓட்டுச் சாவடியில் உத்தியோகஸ்தர் கேட்கிறார்: "உங்க பேர் என்ன?" அத்தை சொல்கிறாள்: "எனக்கு ஏது பேரு? கூப்பிட்டா வருவேன்." சிரிப்பு. ஓட்டுப் பெட்டிக்குக் குங்குமம் வைக்கிறாள், அதைச் சுற்றி வருகிறாள், பிரசாதம் எங்கே என்று கேட்கிறாள். சிரிப்பு, விசில். யாருக்கு ஓட்டு என்று கேட்டால், "என் மருமான் எதைச் சொன்னானோ அதுக்கு, அதை மறந்துட்டேன்" என்கிறாள். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தது உன் அத்தை. "உக்காருங்கோ மன்னி. நாம எழுந்து போனா இன்னும் சிரிப்பா" என்றாள். நாடகம் முடியும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை விழுந்ததும் எல்லோரையும்போலக் கை தட்டினாள். நீ மேடையிலிருந்து இறங்கி வந்து, "எப்படி அத்தை, நன்னா இருந்துதா?" என்று கேட்டாய். உனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே தெரியவில்லை. "எல்லாரும் சிரிச்சாடா" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலேறிவிட்டாய்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்காகவும்தான். அந்த அத்தையின் பெயர் விசாலாட்சி. உன் அப்பாவுக்குத் தங்கை. பதினாறு வயது ஆவதற்குள் புருஷன் போய்விட்டான். புக்ககத்தில் சமைத்துப் போட்ட நாட்களைவிட அங்கே அழுத நாட்கள் அதிகம். திரும்பி இந்த வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணமாகி வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். சென்ற மாதம் வரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் நடையைப் பார்த்துச் சபை சிரித்ததே, அந்தக் காலின் கதை உனக்குத் தெரியுமா? மாடிப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்தான் இருந்தார். விதவைப் பெண்ணை அந்நிய புருஷன் தொடுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, வீட்டிலேயே பத்துப் போட்டுக் கட்டினார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. தன் காலுக்கு என்ன வைத்தியம் என்று சொல்ல அவளுக்கு ஓட்டு இல்லை. அந்தக் காலைத்தான் நீ மேடையில் ஏற்றினாய்.

உனக்கு ஹாஸ்யம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? உன் அப்பாவிடமிருந்தா? வீட்டுக்குள் அவர் சிரித்து நான் பார்த்தது உன் பெயர் சூட்டு விழாவில்தான். உனக்கு அந்த வித்தையைக் கொடுத்தவள் விசாலம். சாயங்காலம் உன் அப்பா படித்து முடித்த பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, காய் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குச் சட்டசபைச் செய்திகளை வாசிப்பாள். வெறுமே வாசிக்க மாட்டாள். மந்திரி பேசினால் மந்திரி, எதிர்க்கட்சி பேசினால் எதிர்க்கட்சி, நடுவில் தூங்குகிறவர் என்று ஒருவரைத் தானாகவே சேர்த்துக்கொண்டு குறட்டை விடுவாள். கைவேலை ஓடாது எனக்கு. நீ அடுப்பங்கரை வாசலில் பாடப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, படிப்பதுபோல பாவனை பண்ணி, அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாய்.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம் சட்டசபைத் தேர்தல் வந்ததே, அப்போது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். எங்களுக்கு ஓட்டு வந்த வரலாறு உங்கள் பாடத்தில் இருந்ததா? இருந்திருக்காது. முதலில் சொத்து உள்ள பெண்ணுக்கு மட்டும் ஓட்டு என்றார்கள். பெண் பெயரில் சொத்தை யார் எழுதி வைத்தார்கள்? பிறகு சட்டத்தை மாற்றி, சொத்து உள்ளவன் பெண்டாட்டிக்கும் உண்டு என்றார்கள். இந்த வீட்டுக்கு உன் அப்பா வரி கட்டினார், நான் அவர் பெண்டாட்டி, எனக்கு ஓட்டு. அதே வீட்டில் அவருடைய கூடப் பிறந்தவளுக்கு இல்லை. நான் எந்த விதத்தில் அவளைவிட உசத்தி? தாலி கட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். "அப்போ உங்க கழுத்துக்குத்தான் ஓட்டு, உங்களுக்கு இல்லை, மன்னி" என்றாள் விசாலம். அன்று நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மனுப் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று சங்கத்தில் யாரோ சொன்னார்கள். அவள் கிளம்பிவிட்டாள். நானும் துணைக்குப் போனேன். டிராமில் போய் இறங்கி, அந்த ஆபீஸில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் முன்னால் நின்றோம். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "யாரோட சம்சாரம்மா?"

"அவர் காலமாயிட்டார்."

"யாரோட மகள்?"

"அவரும் காலமாயிட்டார்."

"பிள்ளைங்க?"

"கிடையாது."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படின்னா யாரோட பேர்லம்மா உங்களை எழுதறது?"

"உசிரோட இருக்கறது நான் ஒருத்திதான். என் பேர்லயே எழுதிக்கோங்கோ" என்றாள் விசாலம். படிக்கத் தெரியுமா என்று பார்க்க ஒரு பழைய பேப்பரை நீட்டினார். அதில் சட்டசபைச் செய்தி இருந்தது. வாசித்தாள். வழக்கப்படி மந்திரிக்கு ஒரு குரல், எதிர்க்கட்சிக்கு ஒரு குரல். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து நின்றார்கள். கடைசியில் குமாஸ்தாவே சிரித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "மன்னி, என் பேரை முழுசா ஒருத்தர் எழுதிப் பாத்ததே இல்லை" என்றாள்.

அங்கே பிறந்ததுதான் எங்கள் நாடகம். சங்கத்து ஆண்டு விழாவுக்கு வழக்கமாக ஒரு பஜனை, ஒரு கோலாட்டம். இந்தத் தடவை ஓட்டு வந்த கதையைப் போடலாம், ஆனால் பிரசங்கம் வேண்டாம், ஜனங்கள் தூங்கிவிடுவார்கள், சிரிக்க வைத்தால் விழித்துக்கொண்டிருப்பார்கள் என்று விசாலம் சொன்னாள். அவளே எழுதினாள். முதல் அங்கத்தில் பழைய காலத்துச் சட்டசபை. நாங்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டி, மையால் மீசை எழுதிக்கொண்டு, பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று விவாதிக்கிறோம். விசாலம்தான் சட்டசபை சாஸ்திரிகள். "ஸ்திரீகள் ஓட்டுச் சாவடிக்குப் போயிட்டா ரசத்துக்கு யார் தாளிக்கறது?" என்று கேட்டுவிட்டு, மூக்குப்பொடியை எடுத்து, இரண்டு விரலால் தட்டி, உறிஞ்சி, தும்மல் வராமல் தவித்து, "பாரத தேசத்தின் ரசம் என்னாகும்?" என்று தேம்பி அழுவாள். மேடையில் சட்டசபையே அழும். அடுத்த அங்கத்தில், சொத்துள்ள பெண்ணுக்கு ஓட்டு என்று சட்டம் வருகிறது. அப்படி ஒரு பெண்ணைத் தேடி விளக்கை எடுத்துக்கொண்டு பட்டணம் முழுக்க அலைகிறார்கள். அப்புறம், சொத்துள்ளவன் பெண்டாட்டிக்கு என்கிறார்கள். உடனே ஒருவன் இரண்டு பெண்டாட்டிகளை அழைத்துக்கொண்டு வந்து, எவளுக்கு ஓட்டு என்று கேட்கிறான். சட்டத்தில் நிஜமாகவே அதற்கு என்ன எழுதியிருந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் நாடகத்தில், யார் சமையல் நன்றாயிருக்கிறதோ அவளுக்கு என்று தீர்ப்பாகி, இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு புருஷனைப் பட்டினி போடுகிறார்கள். கடைசி அங்கம் அந்தக் குமாஸ்தா.

ஆண்களைப் பின் வரிசையில் உட்கார அனுமதித்திருந்தோம். நீ சிநேகிதர்களோடு வந்து விசிலடித்தாய். உன் அப்பாவும் வந்தார். சாஸ்திரிகள் பொடி போட்டதைப் பார்த்து மயிலாப்பூரே திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. தன்னைத்தான் என்று தெரியாமல் அவரும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். திரும்பி வரும்போது, "அந்த சாஸ்திரிகள் யாரைப் பாத்துப் போட்ட வேஷம்? அச்சா நம்ம ஹைகோர்ட்டுல இருக்கற ஒருத்தர் மாதிரியே இருந்தது" என்று கேட்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன். சிரிப்பு எனக்கு விரோதி இல்லையடா. நான் சிரிக்கத் தெரியாதவள் என்று எண்ணிக்கொண்டு இந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடாதே.

அன்று நாடகம் முடிந்ததும் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முனியம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வயிறு குலுங்கச் சிரித்திருந்தாள். "எல்லாம் ஷோக்காதான் கீது. இந்த ஆட்டத்துல நான் எங்கம்மா கீறேன்?" என்றாள். அவளுக்கு வீடு கிடையாது, அவள் புருஷனுக்கு வரி கிடையாது, எழுத்துக் கிடையாது. அந்தத் தேர்தலில் அவள் எங்கேயும் இல்லை. விசாலம் மீசையை அழித்துக்கொண்டே, "நீ வர அங்கத்தை இன்னும் எழுதலை, முனியம்மா. எழுதித்தான் ஆகணும்" என்றாள். தேர்தல் அன்று நானும் விசாலமும் ஜட்கா வண்டியில் போய் ஓட்டுப் போட்டோம். யாருக்குப் போட்டாய் என்று உன் அப்பா கேட்டார். நான் சொன்னேன். அவளைக் கேட்டார். "அதைச் சொல்லக் கூடாதாம் அண்ணா" என்றாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த முதல் ரகசியம் அது. அன்றைக்குச் சமைத்த குழம்பில் உப்பு ஜாஸ்தி.

இப்போது சுதந்திரம் வந்து, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆகிவிட்டது. முனியம்மாவுக்கும் உண்டு. அந்த அங்கம் வந்துவிட்டது. அதை எழுதும் வேளையில் நீ எங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டு போய்த் தலைகீழாக்கினாய். எங்கள் காட்சியில் பெயர் எழுதத் தெரியாமல் முழித்தது குமாஸ்தா. உன் காட்சியில் பெயர் தெரியாமல் முழிப்பது அவள். திருடினதைக்கூட மன்னிப்பேன், வீட்டுப் பொருள்தானே. தைரியமாகப் பேசினவளை அசடாக்கி, அந்த அசட்டுக்கு அவள் காலையே மாட்டி, அவள் முன்னாலேயே ஆட விட்டாய். உன் அப்பாவைப்போல ஒரு வக்கீலை, உன் ஆபீஸ் துரையைப்போல ஒருவரை மேடையில் ஏற்ற உனக்கு நெஞ்சு வரவில்லை. திருப்பிப் பேச மாட்டாள் என்று தெரிந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்தாய்.

நீ ரயிலேறின மறு வாரம் ஓட்டர் லிஸ்ட் எழுதுகிறவர் நம் வாசலுக்கு வந்தார். கண்ணியமான பிள்ளைதான். உன் அப்பா தன் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார். "வேற யாராவது?" என்று கேட்டபோது விசாலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியும். அந்த நாடகத்துக்குப் பிறகும் அவள் இந்த நாளுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். கூடத்தைத் தாண்டி அவள் நடந்து வருவதை அந்தப் பிள்ளை பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா! சபாவுல அந்த நாடகம் பாத்தேன். அந்த அத்தை நீங்கதானா? அப்படியே உரிச்சு வெச்சிருக்காங்க!" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், பெரிய நடிகையைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு. சொல்லிவிட்டுப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றான்.

விசாலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஏது பேரு? கூப்பிட்டா வருவேன்" என்றாள்.

உன் வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. அவள் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. அவள் திரும்பி, அந்தக் காலோடு, உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விசாலம், வந்து சொல்லு, நானே சொல்லட்டுமா?" என்றேன். "வேண்டாம் மன்னி. நான் போய் நின்னாலே சிரிப்பு வரும். ஓட்டுப் போடற இடத்துலயும் மறுபடி அதே சிரிப்பா?" என்றாள். வாசலில் உன் அப்பா, "சரி விடுங்கோ, ஒரு ஓட்டு குறைஞ்சா குடி முழுகிடப் போறதில்லை" என்று அவனை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கூடத்துக்கு வருவதற்குள் முனியம்மா அவனைத் தெருவில் மடக்கிவிட்டாள். "இன்னா நைனா, எங்க குப்பத்தாண்ட எப்ப வருவே? என் பேர எய்திக்கினுதான் போவணும்" என்றாள். அப்புறம் உள்ளே கை காட்டி, "அந்தம்மா பேர உட்டுட்டியே, அவங்கதான்யா எனக்கு ஓட்டுன்னா இன்னான்னு சொன்னாங்கோ" என்றாள். அவன் திரும்பி நம் வாசலைப் பார்த்தான். உன் அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

அன்று நான் இந்த வீட்டில் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். உன் அப்பாவை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை; அவை எனக்கும் அவருக்கும். ஆனால் விசாலம் சண்டை போடவில்லை. அடையாற்றில் பெண்கள் பள்ளிக்கூட விடுதி ஒன்று இருக்கிறது. சமையல், சாப்பாடு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும் என்று சங்கத் தலைவி முன்பே அவளைக் கேட்டிருந்தார். நாலு நாள் கழித்துக் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றாள். "இந்த வயசுல வேலைக்குப் போறாளாம் வேலைக்கு! ஊர் என்ன சொல்லும்?" என்று உன் அப்பா கத்தினார். "ஊர் சொல்ல வேண்டியதைச் சபாவிலேயே சொல்லிடுத்து, அண்ணா" என்றாள். அவர் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். பண்ணிவிட்டு எழுந்து போனாள். நான் பஸ்ஸில் கூடப் போனேன். மந்தைவெளி தாண்டி, ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. விசாலம் என் பக்கம் திரும்பி, "அவனுக்கு மிளகு ரசம் பிடிக்கும், பம்பாய்லே யார் பண்ணித் தருவா?" என்றாள். எனக்கு உன்னை அறைய வேண்டும்போல இருந்தது.

இப்போது நம் வீட்டில் காலைக் காபி எட்டு மணிக்கு. உன் அப்பா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, உள்ளே பார்த்து, திரும்பிப் போகிறார். அவராகக் கேட்கட்டும் என்று நானும் விட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விசாலத்தைப் பார்க்க அடையாறு போனேன். பத்மா தன் அம்மாவின் அனுமதியோடு என்னுடன் வந்தாள். அவளே வரட்டுமா என்று கேட்டாள். விடுதிக் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் விசாலம். எங்கள் பழைய நாடகத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விழாவுக்குப் போடப் போகிறார்களாம். புதிதாக ஓர் அங்கம் சேர்த்திருக்கிறாள். அதில் ஒரு கூடைக்காரி வந்து, பெயர் எழுதுகிறவனை உட்கார வைத்து, தன் பெயர், தன் மகள் பெயர், தெருவில் போகிறவள் பெயர் என்று எழுத வைத்துக் கை வலிக்க விடுகிறாள். அப்புறம் பம்பாயிலிருந்து ஒரு மருமான் வருகிறான். தலையைக் கையால் கோதிக்கொண்டு, பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு, தான் சொன்ன ஹாஸ்யத்துக்குத் தானே முதலில் சிரித்துக்கொண்டு. அந்த வேஷம் விசாலத்துக்கு. இழுக்கிற காலோடுதான் நடக்கிறாள், ஆனால் ஒருவர்கூட அந்தக் காலைப் பார்க்கவில்லை. உன் தோள் குலுக்கல், உன் கண் சிமிட்டல், "ஐ ஸே" என்று நீ ஆரம்பிக்கிற இழுப்பு, எல்லாம் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து விலா வலிக்கச் சிரித்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துத்தான் சிரித்தேன். கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

விடுதிக்கும் பெயர் எழுதுகிறவர் வந்து போய்விட்டார். ஆசிரியைகளோடு வரிசையில் நின்று தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மெதுவாத்தான் வந்தது. ரெண்டாம் தரம் சொல்லச் சொன்னார். அப்போ நன்னா வந்தது" என்றாள். உன் கல்யாணத்துக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அதை நீதான் அவளிடம் கேட்க வேண்டும், அடையாற்றுக்குப் போய், அந்தப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நின்றுகொண்டிரு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவளும் சிரித்திருந்தாள். பஸ்ஸில் சிரிப்பு இல்லை. "மாமி, ஒண்ணு கேக்கட்டுமா? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டா, தெரியாமப் பண்ணிட்டா, உங்க பிள்ளை அதை நாலு பேர்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரா?" என்றாள். என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த அம்மாவும் சொல்லியிருப்பாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. அவனையே கேளு" என்றேன்.

அவள் உனக்கு எழுதுவாள். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவள் கடிதம் வந்தாலும் வரலாம். அவளுக்கு ஹாஸ்யமாக ஒரு வரிகூட எழுதாதே. யோசித்து, நிஜத்தை எழுது. அவள் என்ன முடிவு பண்ணினாலும் நான் அவள் பக்கம்.

அம்மா